அப்பாவின் நெஞ்சுச் சூடு

சிவசக்திக்குத் தம்பி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வரவில்லை. எட்டாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். எடை ஒன்றரைக் கிலோதான். அம்மா நிரஞ்சலா அவனோடு டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா அழகர் குளிக்கப் போயிருந்தபோது, அவருடைய போன் அடித்தது. சிவசக்தி எடுத்தாள்.

"மகள், ஆஸ்பத்திரி வாட்டிலயிருந்து நர்ஸ் லரீபா மிஸ் பேசுறேன். அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். பாப்பாவ நெஞ்சோட வச்சிருக்க அவங்களால ஏலாது. நாளைக்குக் காலையிலயே அப்பாவ வரச் சொல்லுங்க."

"அப்பா எதுக்கு மிஸ்?"

"சட்டையக் கழட்டிட்டு, பாப்பாவ வெறும் நெஞ்சுல படுக்க வைக்கத்தான். அப்பாட சூடும் பாப்பாவுக்கு நல்லது. எங்க வாட்டில ஒரு அப்பா இதச் செய்யிறது இதான் முதல் தடவை. மறந்துறாதீங்க!"

"சரி மிஸ்."

ஆனால் நாளைக்குத்தான் பண்டாரவளையில் பாட்டுப் போட்டி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து போகிறவள் அவள் ஒருத்திதான். அப்பா கூட வருவதாகச் சொல்லியிருந்தார்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "போன்ல யாரும்மா?"

"ராங் நம்பர்ப்பா."

சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே போகிறோம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு. அப்பா கை சிவக்கத் தட்டினார். அவளுக்குத்தான் சிரிப்பே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கண்டதும் அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"நேத்துப் பூரா வாசலையே பார்த்துக்கிட்டுக் கெடந்தேன். ஏங்க வரல?"

"வரச் சொன்னாங்களா? எனக்கு யாரும் சொல்லலையே!" என்றார் அப்பா.

லரீபா மிஸ் திகைத்துப்போனார். "நான் போன்ல சொன்னேனே..."

வாட்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸ் தலையை ஆட்டினார். "நான் அப்பவே சொன்னேன் லரீபா. அப்பாமார நம்பி இதெல்லாம் தொடங்க ஏலாது. இத்தோட விடுங்க."

லரீபா மிஸ்ஸின் முகம் தொங்கிப்போயிற்று.

போனை எடுத்தது மகள்தான் என்று லரீபா மிஸ் சொல்லவில்லை; அவளும் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சிவசக்தி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ் சொன்னாங்கப்பா. நான்தான் உங்ககிட்ட சொல்லல. சொன்னா பாட்டுப் போட்டிக்கு வரமாட்டீங்கன்னு..."

அழுகை வந்துவிட்டது. அப்பா திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய மிஸ்ஸின் முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பா மேல தப்பு இல்ல மிஸ். தெரிஞ்சிருந்தா நடந்தாவது வந்திருப்பாரு. இத நிறுத்திறாதீங்க."

"உங்க தோட்டத்திலயிருந்தா? அத்தன மைலும் நடந்தா?"

"ஆமா மிஸ். பதினாலு கட்டைதான்."

பெரிய மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவிடம் திரும்பினார். "என்ன நிக்கிறீங்க? கைய நல்லாக் கழுவிட்டு வாங்க."

அப்பா பொத்தானைக் கழற்றக் கூச்சப்பட்டார். "இம்புட்டுப் பேரு இருக்காங்களே மிஸ்..."

"எல்லாரும் அவங்கவங்க பாப்பாவத்தான் பார்ப்பாங்க. உங்கள யாரு பார்க்கப் போறா?" என்றார் லரீபா மிஸ்.

தொப்பி போட்ட தம்பியை அப்பாவின் நெஞ்சில் கிடத்தி, துணியால் சுற்றிக் கட்டினார். அப்பா ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"மூச்சு விடலாம். பாப்பா விழமாட்டான்!"

அப்பா மெல்ல மூச்சு விட்டார். சிணுங்கிக்கொண்டிருந்த தம்பி அடங்கிப்போனான்.

அடுத்த கட்டில் பாப்பாவின் அப்பா றஹீம் எட்டிப் பார்த்தார். "மிஸ், எனக்கும் செய்ய ஏலுமா?"

பெரிய மிஸ்ஸே அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சிவசக்தி லரீபா மிஸ்ஸின் பக்கத்தில் போய் நின்றாள். "நேத்துத் தம்பி ரொம்ப அழுதானா மிஸ்?"

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "அழுதான் மகள். சூட்டு விளக்குக்குக் கீழதான் வச்சிருந்தோம். அவனுக்கு ஒண்ணும் ஆகல."

"மன்னிச்சிருங்கம்மா," என்று சிவசக்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். கை இன்னும் சுட்டது. அம்மா கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

இருவரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வாயை லேசாகத் திறந்தபடி நன்றாகத் தூங்கினான். அவள் சொல்லியிருந்தால் நேற்றே இப்படித் தூங்கியிருப்பான்.