புதுசு பார்த்த நிலா

அந்த ஐந்தாம் வகுப்பில் பட்டப்பெயர் இல்லாமல் ஒருவரும் தப்பிக்க முடியாது. வாய் ஓயாமல் பேசுகிற பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர். கேள்வி முடியும் முன்பே விடை சொல்கிற பையனுக்குக் கால்குலேட்டர். வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த பெண்ணுக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவள் புதுசு, அவ்வளவுதான்.

புதுசு அதிகம் பேசமாட்டாள். கேட்டால் சொல்வாள், அதுவும் மெதுவாக. அவளுடைய பழைய பள்ளியில் பாடங்கள் வேறு வரிசையில் நடந்ததால், இங்கே பாதிப் பாடம் அவளுக்குப் புரியவில்லை.

"இந்த வாரம் அஞ்சாம் வகுப்புல உக்காரட்டும். பாடம் பிடிபடலேன்னா நாலாம் வகுப்புக்கு மாத்திடலாம்" என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. நல்லவர்தான். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

வெறும் நாலாம் வகுப்பு என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். அங்கே புதுசின் தம்பி படித்துக்கொண்டிருந்தான். தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தம்பி எழுதுவதையே தானும் எழுத வேண்டும்.

அந்த வாரத்தில் ஒருநாள் அறிவியல் வகுப்பு.

அறிவியல் சாருக்குப் பாடப்புத்தகத்தைத் திறப்பதைவிட அட்டைப்பெட்டியைத் திறப்பதில்தான் ஆசை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் வகுப்புக்கு வரும்வரை யாருக்கும் தெரியாது. ஒருமுறை இரண்டு பலூன்களை வைத்து நுரையீரல் செய்துகொண்டு வந்தார். பாடத்தின் நடுவில் ஒரு நுரையீரல் பட்டென்று வெடித்தது. கால்குலேட்டர் பெஞ்சுக்கு அடியில் போனவன், மணி அடித்த பிறகுதான் வெளியே வந்தான்.

அன்று பெட்டிக்குள் ஒரு பந்து இருந்தது. பழைய தாளைக் கூழாக்கி உருட்டி, வெள்ளை பூசிக் காயவைத்து அவரே செய்த பந்து. கரும்பலகைக்கு முன்னால், நடுவாக, கூரைக் கொக்கியிலிருந்து அதைக் கயிற்றில் தொங்கவிட்டார். இடது பக்க ஜன்னல் திட்டில் ஒரு மேசை விளக்கை வைத்தார். பிறகு கதவையும் ஜன்னல்களையும் சாத்தினார்.

"விளக்குதான் சூரியன். பந்து நிலா. இப்ப நிலா என்ன வடிவத்துல தெரியுதுன்னு பாத்து, சிலேட்டுல வரைங்க. நான் சொன்னதும் எல்லாரும் தூக்கணும்."

இருட்டில், ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்தோடு பந்து தொங்கியது. பார்க்கவே அழகாக இருந்தது. சாருக்கும் பெருமை தாங்கவில்லை.

இப்போது அந்த வகுப்பின் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சிலேட்டு என்றாலே எல்லாருடைய கண்ணும் முதலில் கால்குலேட்டர் பக்கம் போகும். அவன் நடு வரிசையில் முதல் பெஞ்ச். வரைந்து முடித்ததும் சிலேட்டைக் காயவைப்பது போலச் சாய்த்து நிறுத்துவான். பிறகு வகுப்பு முழுக்க ஈயடிச்சான் காப்பிதான்.

"தூக்குங்க."

சிலேட்டுகள் எழுந்தன. எல்லாவற்றிலும் பாதி நிலா. சார் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, ஒரு பொருளைக் கண்ணால பாத்தா எவ்வளவு சுலபமா புரியுது. பாதி நிலா. பிரமாதம்."

அப்போதுதான் வலது ஓரத்தில், கதவருகே முதல் பெஞ்சில் ஒரு சிலேட்டைக் கவனித்தார். புதுசின் சிலேட்டில் நிலா மெல்லிசாக, வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி இருந்தது.

"என்னம்மா, நிலா இவ்வளவு ஒல்லியா இருக்கு? சாப்பாடு போடலையா அதுக்கு?"

வகுப்பு சிரித்தது. சார் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் புதுசுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"நல்லாப் பாத்து இன்னொரு தடவை வரைம்மா."

அவள் நல்லாப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டும் பார்த்தாள். பிறகு சிலேட்டை அழித்துவிட்டு, முன்பு வரைந்ததையே மறுபடியும் வரைந்தாள்.

சார் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "கவனம் போதலம்மா. நாளைக்குப் பெரிய டீச்சர் நம்ம வகுப்பைப் பாக்க வர்றாங்க. உன்னைப் பத்தி நான் நல்லபடியா சொல்ல வேண்டாமா?"

புதுசு தலையை மட்டும் ஆட்டினாள்.

இடைவேளையில் ரேடியோ தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். அங்கே புதுசு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய முகத்தையே மறுபடி மறுபடி கழுவினால் என்ன அர்த்தம் என்று ரேடியோவுக்குத் தெரியும். அவளும் அப்படிக் கழுவியிருக்கிறாள்.

"அழாத. சார் திட்டவே இல்லையே. அவர் எல்லாரையும் அப்படித்தான் கிண்டல் பண்ணுவாரு. போன மாசம் என் தவளைப் படத்தைப் பாத்து உருளைக்கிழங்கான்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

புதுசுக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு போல இருக்கு."

"ஏன்?"

"எல்லாருக்கும் பாதியா தெரியுது. எனக்கு மட்டும் மெல்லிசா ஒரு கோடு மாதிரிதான் தெரிஞ்சுது. ரெண்டாவது தடவையும் அப்படியேதான் தெரிஞ்சுது." அவள் மறுபடி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். "நான் நாலாம் வகுப்புக்குப் போயிடுவேன். அப்புறம் என் தம்பி என்னை அக்கான்னே கூப்பிட மாட்டான்."

ரேடியோவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தான் பார்த்ததையே சொன்னாள். "அட, எனக்கு மட்டும் பாதியாவா தெரிஞ்சுது? கிட்டத்தட்ட முழு வட்டமா தெரிஞ்சுது. ஓரத்துல கொஞ்சம்தான் இருட்டு."

புதுசு நிமிர்ந்தாள். "அப்புறம் ஏன் பாதி நிலா வரைஞ்ச?"

ரேடியோ வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த ரேடியோ நின்றுபோனதை அந்தப் பள்ளியில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏன் வரைந்தாள்? கால்குலேட்டர் வரைந்தான், அதனால் வரைந்தாள். ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் சிலேட்டைப் பார்த்த பிறகு, பந்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்து வரைந்தவள் அழுதுகொண்டிருக்கிறாள். பார்க்காமல் வரைந்தவளுக்குப் பிரமாதம் என்று பட்டம்.

"சார்கிட்ட சொல்லிடலாம், வா" என்றாள் ரேடியோ.

இருவரும் ஆசிரியர் அறைக்குப் போனார்கள். சார் கையில் ஒரு கட்டு விடைத்தாள், வாயில் பேனா மூடி. "நாளைக்குச் சொல்லுங்கம்மா, நாளைக்கு" என்று பேனா மூடியோடே சொல்லிவிட்டு ஓடினார்.

மறுநாள் பெரிய டீச்சர் வந்தார். கதவருகே, புதுசின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சார் சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். பந்து தொங்கியது, விளக்கு எரிந்தது, கதவு சாத்தப்பட்டது.

"நேத்து பாத்ததுதான். இன்னொரு தடவை வரைங்க."

ஜன்னலோரத்தில், விளக்குக்குப் பக்கத்து முதல் பெஞ்சில் ரேடியோ உட்கார்ந்திருந்தாள். வழக்கப்படி கழுத்து கால்குலேட்டர் பக்கம் திரும்பப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பந்தை மட்டும் பார்த்தாள். நேற்றுப் போலவே கிட்டத்தட்ட முழு வட்டம்.

வரைவதா, வேண்டாமா? பெரிய டீச்சர் வேறு உட்கார்ந்திருக்கிறார். நமக்கேன் வம்பு என்று ஒரு மனசு சொன்னது. கதவருகே புதுசு, சாக்பீஸைப் பிடித்தபடி எதுவும் வரையாமல் இருப்பது தெரிந்தது. அவள் கண் மெல்ல மெல்லக் கால்குலேட்டரின் சிலேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ரேடியோ பலமாக இருமினாள். புதுசு திரும்பிப் பார்த்தாள். ரேடியோ விரலால் பந்தைக் காட்டினாள். பிறகு தன் சிலேட்டில், எல்லாருக்கும் தெரியும்படி, பெரிய நிலாவாக வரைந்தாள்.

"தூக்குங்க."

பாதி நிலா, பாதி நிலா, பாதி நிலா. ஜன்னலோரம் ஒரு குண்டு நிலா. கதவோரம் ஒரு ஒல்லி நிலா.

சாருக்கு வேர்த்துவிட்டது. "ரேடியோ, நீயுமா?" பட்டப்பெயரைச் சொல்லிவிட்டோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரேடியோ எழுந்தாள். "சார், நேத்து நான் கால்குலேட்டரைப் பாத்து வரைஞ்சேன். இன்னைக்குத்தான் நிலாவைப் பாத்து வரைஞ்சேன். எனக்கு இப்படித்தான் சார் தெரியுது."

"அது எப்படிம்மா? எனக்குப் பாதிதானே தெரியுது."

"நீங்க நடுவுல நிக்கறீங்க சார். என் இடத்துல வந்து உக்காந்து பாருங்களேன்."

மாணவியின் இடத்தில் போய் சார் உட்காருவதா, அதுவும் பெரிய டீச்சர் முன்னால்? சார் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு போய், அந்தச் சின்னப் பெஞ்சில் தன்னை எப்படியோ திணித்துக்கொண்டார். முழங்கால் மோவாயில் இடித்தது.

பந்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். எழுந்து மறுகோடிக்குப் போனார்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோம்மா" என்று புதுசிடம் கேட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெல்லிசா தெரியுதா சார்?" என்று புதுசு மெதுவாகக் கேட்டாள்.

"நகத்துண்டு மாதிரி தெரியுதும்மா" என்றார் சார். "நீ நேத்தே ஒழுங்கா பாத்து, ஒழுங்கா வரைஞ்சிருக்க. கவனம் போதாதது எனக்குத்தான். வீட்ல இதை வச்சு நான் ஒத்திகை பாத்தேன். எதிர்ல ஒரே ஒரு நாற்காலி போட்டு, அதுலயே உக்காந்து பாத்தேன். வகுப்புல இத்தனை பெஞ்ச் இருக்கேன்னு தோணவே இல்ல. மன்னிச்சுக்கோம்மா."

பக்கத்தில் பெரிய டீச்சர் தொண்டையைக் கனைத்தார்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கும் இந்த ஒல்லி நிலாதான் தெரிஞ்சுது. அத்தனை பிள்ளைங்க பாதியா வரைஞ்சிருக்கவும், வயசாயிடுச்சு, கண்ணு மங்கிப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

முதலில் சிரித்தது சார்தான். அப்புறம் வகுப்பே சிரித்தது. இந்தமுறை புதுசும் சிரித்தாள்.

"சரி, யாரும் உக்கார வேண்டாம்" என்றார் சார். "சிலேட்டை எடுத்துக்கிட்டு எல்லாரும் இடம் மாறி நின்னு பாருங்க. பக்கத்து சிலேட்டைப் பாக்கக் கூடாது."

அவ்வளவுதான், வகுப்பு சந்தையாகிவிட்டது. விளக்குப் பக்கம் போனவர்கள் "முழுசா தெரியுது" என்றார்கள். பந்துக்கு அந்தப் பக்கம், விளக்குக்கு நேரெதிர்ச் சுவரோரம் போனவர்கள் "நிலாவையே காணோம் சார்" என்றார்கள். கால்குலேட்டர் மட்டும் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான்.

"அப்ப என் விடை தப்பா சார்?"

"உன் பெஞ்சுக்கு அது சரிப்பா. இப்ப வேற பெஞ்சுக்குப் போய்ப் பாரு."

அவன் அரைமனசாகப் போனான். போனவன் திரும்பி வரவே இல்லை. ஒவ்வொரு பெஞ்சாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்தம் அடங்கியதும் சார் கேட்டார். "பந்து ஒண்ணுதான், விளக்கும் ஒண்ணுதான். அப்புறம் எப்படி இத்தனை நிலா? யாராவது சொல்லுங்க."

கால்குலேட்டர் கையைத் தூக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தான். கதவோரத்தில் ஒரு கை, தோள் உயரத்துக்கு எழுந்தது.

"நிலாவுல எப்பவும் பாதிதான் சார் வெளிச்சம்" என்றாள் புதுசு. "அந்தப் பாதியில நமக்கு எவ்வளவு தெரியுதுங்கறதுதான் மாறுது. நாம எந்தப் பக்கம் இருந்து பாக்குறோமோ அதைப் பொறுத்து."

"வானத்துல நாம நடந்து போக முடியாது" என்றார் சார். "அதுக்குப் பதிலா நிலாவே நம்மைச் சுத்தி வருது. அதனாலதான் தினமும் கொஞ்சம் வேற மாதிரி தெரியுது. நான் பாடத்துல கடைசியா சொல்ல வச்சிருந்ததை இவ முதல்லயே சொல்லிட்டா."

பெரிய டீச்சர் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும் சார். விட்டுப்போன பாடத்தை நீங்க சொல்லிக் குடுத்துடுங்க."

"சரிங்க டீச்சர்" என்றார் சார்.

ரேடியோ மேசை மேல் ஏறிக் குதிக்கவில்லை. புதுசின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மணி அடித்ததும் இருவரும் நாலாம் வகுப்புக்கு ஓடினார்கள். தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, எப்ப வர்ற? என் பக்கத்துல உனக்கு இடம் புடிச்சு வச்சிருக்கேன். யாரையும் உக்கார விடல."

புதுசு அப்படியே நின்றுவிட்டாள். தம்பி கேலி செய்வான் என்று வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தாள். அவனுக்கும் இது புதுப் பள்ளிதான், அவனுக்கும் பக்கத்தில் பேச ஆள் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வரலடா. நான் அஞ்சாம் வகுப்புலயே இருக்கேன்."

அவன் முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்ல" என்றான். பிறகு, "அப்ப நான் நல்லாப் படிச்சு அஞ்சாம் வகுப்புக்கு வந்துடறேன்" என்றான்.

"நீ வர்றப்ப உங்க அக்கா ஆறுக்குப் போயிருப்பாளே" என்றாள் ரேடியோ.

தம்பி இதை எதிர்பார்க்கவில்லை. திருதிருவென விழித்தான்.

"உள்ள எந்த இடம்டா புடிச்சு வச்சிருக்க?" என்று கேட்டாள் புதுசு.

அவன் காட்டினான். பெஞ்சின் பாதியைப் பைகளை வைத்து மறித்திருந்தான். புதுசு பைகளை ஒதுக்கிவிட்டு அங்கே உட்கார்ந்தாள். ரேடியோவும் இடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். மூன்று பேருக்கு அந்தப் பெஞ்ச் போதவே இல்லை, ஆனாலும் அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.