முதல் தோணியின் காசு

"காச எவன் எடுத்துட்டு வாறானோ, அவன்தான் புதுத் தோணிக்குத் தலைமை. ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்தா, மூத்தவன் ராயப்பன். அவ்வளவுதான். கெளம்புங்கலே!"

வெள்ளுப்புத்துறைத் தோணிப் பட்டறையின் முதலாளி சந்தியாகு சொல்லி முடிப்பதற்குள் ராயப்பன் வள்ளத்தில் ஏறிவிட்டான். அவன் சித்தப்பா மகன் மிக்கேல் உளிப்பையோடு பின்னால் வந்தான். இருவரும் ஓடாவிகள்; தோணி கட்டும் தச்சர்கள்.

அந்தப் பட்டறை நூற்றுப் பன்னிரண்டு தோணிகளைக் கட்டியிருக்கிறது. உப்பும் கூரை ஓடும் ஏற்றிக் கொழும்புக்குப் போய்வந்த தோணிகள். ஒவ்வொன்றின் அடிமரமும் முன்பக்கமான அணியத்தோடு சேரும் பொருத்துக்குள் ஒரு பொற்காசு வைப்பார்கள். தோணி பழசாகிப் பிரிக்கும்போது காசு அடுத்த தோணிக்குப் போகும். எடுத்தவனே வைக்க வேண்டும். முதல் தோணியின் காசு மட்டும் திரும்பவில்லை. அந்தத் தோணி ஒரு புயலில் கொக்குத் தீவில் தரைதட்டி மணலில் புதைந்தது. போன வாரம் அடித்த புயல் அந்த மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. மரக்கூடு வெளியே தெரிந்தது.

ராயப்பனின் அக்கா டெக்லா வள்ளத்தை ஓட்டினாள்.

"மொகத்த ஏன்லே புளிச்ச மாங்கா மாதிரி வச்சிருக்க?"

"வெயிலு."

வெயில் இல்லை. மிக்கேல் உளி தீட்டிக்கொண்டிருந்தான். கல்லில் அவன் கை போய்வரும் நிதானம் ராயப்பனைச் சுட்டது. பதினான்கு வருடமாக ராயப்பன் மரம் இழைக்கிறான். மிக்கேல் வந்து நாலு வருடம். பட்டறைக்கு வருகிறவர்கள் மிக்கேல் செதுக்கிய பலகையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். ராயப்பனின் பிள்ளையே சித்தப்பாவிடம்தான் பம்பரம் செய்து தரச் சொல்லிக் கேட்கிறது.

தீவு தெரிந்தது. கூடு சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஒரு முனை கரைப்பக்கம், ஒரு முனை கடல்பக்கம். பலகைகள் போய்விட்டதால் இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்தன.

"கரைக்கு ஓடி வந்த தோணி. மூக்கு கரையப் பாத்துதான் இருக்கும்!" ராயப்பன் முழங்கால் தண்ணீரில் குதித்தான். "கரைப்பக்கம் எனக்கு!"

"சரிண்ணே. நான் எதுக்கும் அந்தப் பக்கம் பாக்கேன்."

"காத்து திரும்புது!" டெக்லா கத்தினாள். "கடல் ஏத்தம் வந்தா இன்னைக்கே மணல் மூடிரும். சீக்கிரம்!"

ராயப்பன் தோண்டினான். சிப்பி கையைக் கிழித்தது. தோண்டினான். சேறு விலகி மரம் தெரிந்தது. கருத்து, இரும்புபோல இறுகிய மரம். கையால் துடைத்தான்.

நான்கு துளைகள். ஒன்றின்கீழ் ஒன்றாக. துளைகளில் துரு.

சுக்கான் மாட்டிய துளைகள். சுக்கான் இருப்பது பின்பக்கத்தில். புயல் தோணியைத் திருப்பிப் போட்டிருக்கிறது. மூக்கு கடலைப் பார்த்துக் கிடந்தது, மிக்கேல் தோண்டும் பக்கத்தில்.

ராயப்பன் நிமிர்ந்து பார்த்தான். தம்பி இடுப்பளவு சேற்றில் நின்றான். அவன் பக்கம் பள்ளம். மரம் இன்னும் வெளிப்படவில்லை. அவனுக்குத் தெரியாது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் தண்ணீர் வரும். இருவரும் வெறுங்கையோடு திரும்புவார்கள். மூத்தவன் ராயப்பன். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

துளைகளின்மேல் சேற்றை அப்பினான்.

மிக்கேல் சேற்றில் காலை இழுத்துக்கொண்டு வந்தான். "அங்க ஒண்ணும் தட்டுப்படல. ஒனக்கு வெட்டித் தாறேன், தள்ளு. காசு ஒனக்குத்தான்ணே. ஏத்தம் வாறதுக்குள்ள எடுத்துருவோம்."

அவன் குனிந்து தோண்டத் தொடங்கினான். ராயப்பனுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. விட்டுக்கொடுப்பதிலும் இவனே முந்துகிறான்!

"நிறுத்துலே! இது பின்பக்கம். சுக்கான் துளை இருக்கு. மூக்கு ஒம்பக்கம்."

மிக்கேல் சேற்றை வழித்துத் துளைகளைப் பார்த்தான். அப்பிய சேற்றில் ஐந்து விரல் பதிந்திருந்தது. அதையும் பார்த்தான். நிமிர்ந்து உளியை எடுத்தான்.

"ஓடுண்ணே!"

ஓடினார்கள். அந்தப் பள்ளத்தில் கடல் நெஞ்சு வரை வந்துவிட்டது. ராயப்பன் மூழ்கிச் சேற்றை அள்ளினான். மூச்சுக்கு எழுந்தான். மறுபடி மூழ்கினான். பட்டறையில் அவனைப்போல மூச்சுப் பிடிக்க ஆளில்லை. ஏழாவது முறை விரல் பொருத்தைத் தொட்டது.

"இங்க! கையக் குடு, வைக்கேன்!"

மிக்கேலின் கையைத் தண்ணீருக்குள் இழுத்துப் பொருத்தின்மேல் வைத்தான். மிக்கேல் கண்ணால் பார்க்காமலே உளியை நிறுத்தினான். மூன்று முறை அடித்தான். மரம் பிளக்காமல் வாய் திறந்தது.

"காசு வந்துட்டு!" மிக்கேல் கத்தினான்.

டெக்லா வள்ளத்தை ஒட்டிக் கொண்டுவந்து இருவரையும் சட்டையைப் பிடித்து ஏற்றினாள். மிக்கேல் உள்ளங்கையை விரித்தான். மஞ்சளாக ஒரு காசு.

"நீதான்ணே வைக்கணும்."

"எடுத்தது நீ. பட்டறை வழக்கத்த மாத்தாத."

"அப்ப ஏன் சொன்ன? சொல்லாம இருந்திருக்கலாமே?"

ராயப்பன் சிப்பி கிழித்த கையைக் கடலில் நனைத்தான். "ஒன்மேல எனக்கு எரிச்சல்லே. இப்பவும் எரியுது. ஆனா அத மண்ணுல மூட விட்டுட்டு எந்த மூஞ்சியோட தோணி கட்ட?"

"எரியட்டும், எரியட்டும்," என்றாள் டெக்லா. "ரெண்டு பேரும் தண்ணிய எறைங்க. வள்ளம் முங்கப் போகுது."

வெள்ளுப்புத்துறையில் வேட்டு போட்டு வரவேற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை புதுத் தோணிக்கு ஏரா என்னும் அடிமரம் போட்டார்கள். மிக்கேல் காசை வைத்தான். எல்லோரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். ராயப்பனும் பார்த்தான். எரிச்சல் அடங்கவில்லை. கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலை ஓங்கி, பொருத்தை அவனே அடித்து மூடினான். ஒரு நூல் இடைவெளி இல்லை.