மீசையில் ஒரு சொட்டு சூப்

என் அப்பா ஓட்டல் மாஸ்டர். அவர் வைக்கும் சூப்புக்கு ஊரே அடிமை. ஆனால் ஆறு மாதமாக அவருக்கு ஓயாத வயிற்று வலி.

“இனிமே இந்த வேலை நம்மால ஆகாது போல,” என்று ஒரு நாள் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோரும் காரத்தின் மேல் பழி போட்டார்கள். டாக்டர் மட்டும், “வயித்துல ஒரு கிருமி இருக்கலாம். நிறைய பேருக்கு அது சத்தமில்லாம உள்ள இருக்கும். சிலருக்குப் புண்ணாக்கிடும். பேரு ஹெலிகோபாக்டர் பைலோரி,” என்றார்.

“பேரே வாயில நுழைய மாட்டேங்குது, வயித்துல எப்படி நுழைஞ்சுது?” என்றார் அப்பா.

பரிசோதனை சுலபம்தான். ஒரு மருந்தைக் குடித்துவிட்டு, சற்று நேரம் கழித்து ஒரு பைக்குள் ஊத வேண்டும். ஆனால் அதற்கு முன் ஆறு மணி நேரம் வாயில் எதுவும் படக் கூடாது.

சனிக்கிழமை அப்பாவோடு நானும் போனேன்.

“ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று நர்ஸ் அக்கா கேட்டார்.

“பச்சைத் தண்ணிகூடப் படலை!” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

“அப்போ மீசையில என்ன?”

ஒரு சொட்டு சூப்! அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா பொய் சொல்லவில்லை. அன்று மாலை அடுப்படியில் அவரைக் கவனித்தேன். பேசிக்கொண்டே சூப்பைக் கிளறினார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார், நக்கினார். பத்து நிமிடத்தில் நான்கு தடவை!

“அப்பா, இப்ப என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே!”

லீவு போடச் சொன்னால், “சனிக்கிழமை கூட்டத்தை யார் சமாளிக்கிறது?” என்றார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். “உங்க கை வாய்க்குப் போனா தட்டிவிடுவேன். ருசி நான் பாக்குறேன்.”

“உன் நாக்கை நம்பி நூறு பேருக்கு சூப்பா?”

“உங்க பொண்ணு நாக்குதானேப்பா?”

மூன்று தடவை கையைத் தட்டினேன். பிறகு ருசி பார்த்தேன். “உப்பு சரி. காரம் சரி. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது.”

அப்பா ஒரு நொடி விழித்தார். “அடடா, எலுமிச்சம்பழம்! பிழியவே மறந்துட்டேன்!”

அப்பாவின் மீசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினோம். அப்பா பையில் ஊதினார். கிருமி இருப்பது தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே வலி குறைந்ததும், “அதான் சரியாயிடுச்சே,” என்று நழுவப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசி மாத்திரை வரை தண்ணீரும் கையுமாக நின்றேன்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை. அன்று காலையும் ருசி பார்த்தது நான்தான். கிருமி போயே போய்விட்டது!

அன்று சாயங்காலம் அப்பா உற்சாகமாகக் கரண்டியை எடுத்தார். சூப்பை என் உள்ளங்கையில் விட்டார்.

“மாஸ்டர், இனிமே நீங்களே ருசி பாக்கலாமே?” என்றார் பாத்திரம் கழுவும் அண்ணன்.

“பாக்கலாம்தான். ஆனா என் பொண்ணு சரின்னு சொல்லாம இந்த சூப் வெளியே போகாது!” என்றார் அப்பா.