கன்னிக்குப் படைத்த முறுக்கு

மிதவை நகரில் பிள்ளைக்குப் பல் விழுந்தால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். விழுந்த பல்லை ஈரப் பஞ்சில் சுற்றி, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பல்பேழை இயந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும். பாற்பல்லின் உள்ளே இருக்கும் குருத்தணுக்களை அது உறைய வைத்துக் காக்கும். பின்னாளில் தாடை உடைந்தாலோ பல் உதிர்ந்தாலோ, வாய்க்குள் ஒரு சின்னப் பந்தல் கட்டி அந்த அணுக்களை ஏற்றிவிடுவார்கள். அவரைக்கொடி மாதிரி படர்ந்து எலும்பாகும், பல்லாகும்.

கடல்மேல் மிதக்கிற ஊர் அல்லவா, குளிரறைக்கு இடம் கொஞ்சம். வீட்டுக்கு ஒரு பேழை, பேழைக்கு ஒரு பல் என்பது சட்டம். எந்தப் பிள்ளைக்கு என்பது பெற்றவர்கள் பாடு. ஆசைக்குப் பெண், ஆஸ்திக்கு ஆண் என்று கடல் தாண்டி வந்தும் மறக்காத ஜனம் அது. செல்லக்கனியும் இளையவன் தங்கபாண்டி பெயரில்தான் பதிந்தாள். மூத்தவள் இசக்கியின் பற்களைக் கடலில் எறியச் சொல்லிவிட்டாள். தம்பியின் பல்லைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவளும் இசக்கிதான்.

கல்யாண வயதில் இசக்கியின் தாடை எலும்பை நோய் அரிக்கத் தொடங்கியது. கஞ்சிகூட இறங்கவில்லை. தம்பியின் அணு அக்காவுக்குப் பொருந்தலாம், பேழையைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றார் மருத்துவர் ஜெசிந்தா. ஆனால் திறந்தால் திறந்ததுதான், மறுபடி உறைய வைக்கச் சட்டத்தில் இடமில்லை. செல்லக்கனி அழுதுகொண்டே மறுத்தாள். நாளைக்கு அவனுக்கு ஒன்று என்றால் என்ன செய்வது என்று கேட்டாள்.

வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இசக்கி சொன்னாள்: "அம்மா, அதுல கெடக்கது என் பல்லுதாம்மா. தம்பி பல்லு சொத்தைன்னு மிஷின் துப்பிட்டு. நீ அவன வையுவேன்னு, அன்னைக்கு விழுந்த என் பல்லக் குடுத்துட்டேன்."

உயிராசை பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கிறதே என்று தாய் இன்னும் அழுதாள். இசக்கி அதை மறுபடி சொல்லவில்லை. அந்த மழைக்காலத்தில் செத்துப்போனாள்.

கல்யாணமாகாமல் செத்தவள் வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஆண்டுதோறும் ஓலைப்பெட்டியில் பாவாடையும் வளையலும் வைத்து, அவளுக்குப் பிடித்த முறுக்கைப் படைத்தாள் செல்லக்கனி. கடிக்க முடியாமல் செத்தவளுக்கு முறுக்கு! படையல் வைத்துக் கதவைச் சாத்தினால் உள்ளே முறுக்கு கடிபடும் சத்தம் கேட்கும். திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

பிறகொரு நாள் சரக்குக் கப்பலின் இரும்புக் கதவு அடித்துத் தங்கபாண்டியின் தாடை நொறுங்கியது. பேழையைத் திறந்தார்கள். ஜெசிந்தா செல்லக்கனியைத் தனியே அழைத்தார்.

"இது பொம்பளப் பிள்ள பல்லும்மா. இசக்கியோடதுதான். தம்பிக்கும் பொருந்தும், பயப்படாதீங்க."

செல்லக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனாலும் மகனுக்கு ஏற்றச் சொன்னாள்.

தாடை வளர்ந்தது. பற்கள் முளைத்தன. தங்கபாண்டி முறுக்கைக் கடித்தபோது கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம் கேட்டது. செல்லக்கனி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. வளர்த்த அணுக்களில் பாதிக்குமேல் மீதி இருந்தது.

"இந்த ஒரு பல்லே ரெண்டு பேருக்கும் போதுமா இருந்திருக்கும்மா. சரி, இப்பம் மீதிய உறைய வைக்க புதுச் சட்டத்துல வழி இருக்கு. இசக்கி பேர்லயே பதிஞ்சிரட்டுமா?"

செல்லக்கனி முகத்தில் அறைந்துகொண்டு அழுதாள். என் தெய்வமே, உன்னை நானே கொன்றேனே என்று புலம்பினாள். அழுது ஓய்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செத்த பிள்ள பேரு எதுக்கும்மா? அவன் பேர்லயே இருக்கட்டும். நாளைக்கு அவனுக்கு ஒரு ஆம்பளப் பிள்ள பொறந்தா ஆகும். கன்னிக்கு இந்த வருசம் பட்டுப்பாவாடையே வச்சிருதேன்."