பீர்க்கங்காய்க்கு விருது

காலை ஆறு மணிக்குக் குழாயில் காற்று வரும். ஆறேகாலுக்கு நின்றுவிடும். செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் கூடாரத்தில் குடியிருப்பவர்கள் ஐந்தரைக்கே காற்றுக்குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, அன்றைய பொழுதுக்கான சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். விருது மாதத்தில் சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. சிறந்த ஒலிக்கலவை யாருக்கு, சிறந்த படத்தொகுப்பு யாருக்கு என்று தொடங்கி, போன வாரம் யார் குடத்தை யார் நகர்த்தினார் என்பதில் வந்து முடியும்.

சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதில் பேச என்ன இருக்கிறது? ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு மண்டைச்சில்லு இருக்கிறது. படம் வெளியான அன்றே அதன் சாறு நாலு நொடியில் அதற்குள் இறங்கிவிடும். கதை தெரிந்துவிடும், அழ வேண்டிய இடத்தில் அழுகையும் வந்துவிடும். யாருக்கு எவ்வளவு அழுகை வந்தது என்று சில்லுகளே கூட்டிக் கழித்து விருதைக் கொடுத்துவிடும். ஆனால் படச்சாற்றில் படத்தொகுப்பு இருக்காது, ஒலி இருக்காது, விளக்கொளி இருக்காது. ஆகவே தொழில்நுட்ப விருதுகளை மட்டும் ஆள் வைத்துத்தான் முன்கூட்டிக் கணிக்க வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு முன்கணிப்புத் துறையும் இருந்தது.

அதில் படத்தொகுப்புப் பிரிவுக்கு அதிகாரி தாண்டவமூர்த்தி. மனுஷனுக்கு நேரம் சரியில்லை. இரண்டு வருடமாகக் கணிப்பு தவறிக்கொண்டே வந்தது. மூன்றாவது முறையும் தவறினால் வடதுருவத்துக்கு மாற்றல்; எட்டு வருடம் சூரியத் தகடுகளில் புழுதி தட்ட வேண்டும். குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதியில்லை. மனைவி மங்களேஸ்வரியை விட்டு எட்டு நாள்கூடப் பிரிந்தறியாதவர் அவர்.

தவறியதில் அவர் குற்றமும் பெரிதாக இல்லை. போன வருடம்வரை மனிதர்கள்தான் நடுவர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் சீட்டைப் பார்த்து எழுதுவார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவார் என்று எந்தச் சாஸ்திரத்தை வைத்துக் கணிப்பது? இது அநியாயம் என்று புகார்கள் எழுந்ததால், இந்த வருடம் முந்நூறு நடுவப் பொறிகளை நியமித்திருந்தார்கள். பழைய நடுவர்களின் இருநூறு வருடக் குறிப்பேடுகளையும் அவற்றுக்குக் கற்பித்து, பாரபட்சமே இருக்காது என்று அறிவித்தார்கள்.

கணிப்பை அனுப்பக் கடைசி நாள். தாண்டவமூர்த்திக்கு ஒரு தர்மசங்கடம். மங்களேஸ்வரியே படத்தொகுப்பாளர். நாலு வருடம் உட்கார்ந்து 'மேற்குப் பள்ளம்' என்ற படத்தை வெட்டி ஒட்டியிருந்தாள். அதுவும் போட்டியில் இருந்தது. அதை எழுதினால் சொந்தக்காரி என்று ஊர் சிரிக்கும். எழுதாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. யோசித்து எழுதுவோம் என்று, கட்டம் காலியாக இல்லாமல் இருக்க ஏதோ ஒரு பெயரைத் தட்டிவைத்தார். அவர்கள் அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். அப்போது சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. 'பீர்க்கங்காய்' என்று தட்டினார்.

அந்த நிமிடம் பார்த்துக் காற்றுவெட்டு. எல்லோரும் முகமூடியை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். திரும்பி வருவதற்குள் கெடு முடிந்து, கணிப்பு கூடாரம் முழுக்க வெளியாகியிருந்தது: சிறந்த படத்தொகுப்பு, பீர்க்கங்காய்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மங்களேஸ்வரி முதலில் சிரித்தாள். பிறகு துருவம் ஞாபகம் வந்து அழுதாள். குளிருக்கு என்னென்ன எடுத்து வைக்கலாம் என்று அன்றைக்கே ஒரு பட்டியலும் போட்டாள்.

மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காற்று பிடிக்கப் போனவருக்குத் தலை சுற்றியது. வரிசை முழுக்கப் பீர்க்கங்காய்ப் பேச்சு. மின்தூக்கி இயக்கும் சிதம்பரநாதன், இடைவேளைக்கு முந்தைய காட்சியில் வெட்டு விழுவதே தெரியவில்லை என்றார். பின்னால் நின்ற அம்மாள், சாறு இறக்கிக்கொள்ளாமல் முழுப் படமாகவே பார்த்ததாகச் சொன்னாள். இன்னொருவர் இரண்டு தடவை பார்த்திருந்தார். போட்டிப் பட்டியலில் அப்படியொரு படம் இல்லாததைக் கண்ட எழுத்தர், தான்தான் விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று பயந்து, கமுக்கமாக அதைச் சேர்த்துவிட்டார்.

நடுவப் பொறிகள் என்ன செய்தன? இருநூறு வருடக் குறிப்பேடுகளிலிருந்து அவை ஒரே ஒரு பாடத்தைத்தான் பிசகில்லாமல் கற்றிருந்தன: படத்தைப் பார்க்கத் தேவையில்லை, பக்கத்தில் பார்த்தால் போதும். பொறிகளுக்குப் பக்கத்துச் சீட்டு கிடையாது. வெளியான கணிப்பு இருந்தது. முந்நூறும் ஒரே குரலாகப் பீர்க்கங்காய்க்கு வாக்களித்தன.

விருது விழாவில் தலைமைப் பொறி பாராட்டுரை வாசித்தது. "இப்படத்தின் தொகுப்பு கண்ணுக்கே தெரியவில்லை. தொகுப்புக் கலையின் உச்சம் அதுவே." அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மேடைக்குத்தான் யாரும் வரவில்லை. ஆள் வராவிட்டால் அதே தொழிலில் இருப்பவர் யாராவது போய் வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். மங்களேஸ்வரி எழுந்து போனாள். ஒலிவாங்கி முன்னால் நின்று நிதானமாகச் சொன்னாள்.

"அப்படி ஒரு படமே கிடையாதுங்க. அது எங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் கொண்டுபோன கூட்டு."

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தாண்டவமூர்த்திக்குத் தலை தப்பியது. பதவி உயர்வும் கிடைத்தது. உச்சி குளிர்ந்துபோய், இனிமேல் நம்மை யாரும் பிரிக்க முடியாது என்று மனைவியின் கையைப் பிடித்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இல்லாத படத்த ஊரே பாத்திருக்கு. என் படத்த யார் பாத்தாங்கன்னு கணக்கெடுத்துப் பாத்தேன். ஒருத்தர்கூட இல்ல. நீங்களும் இல்ல."

"சாறு இறக்கிக்கிட்டேனே மங்களா. பாலம் உடையற எடத்துல அழுதேனே."

"அது கதை எழுதினவங்க வேலை. என் வேலை அதுல எங்க இருக்கு? ஒரே ஒரு தடவை முழுசா உக்காந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லி அனுப்புங்க, வரேன். அதுவரைக்கும் நான் அக்கா வீட்ல இருக்கேன்."

ஐந்தாம் கூடாரத்துக்குப் போகும் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கத் தாண்டவமூர்த்தியால் முடியவில்லை. துருவம் இதைவிடத் தேவலை என்று பட்டது. இரண்டாம் நாள் மண்டைச்சில்லை அணைத்தார். திரையை விரித்தார். 'மேற்குப் பள்ளம்' ஓடத் தொடங்கியது. 'இப்படத்தின் முதல் பார்வையாளர் நீங்கள்' என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்ததும், இத்தனை வருடம் என்ன புருஷன் நாம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

முதல் பத்து நிமிடம் கண் இமைக்கவில்லை. உண்மையிலேயே நன்றாக இருந்தது. பதினோராம் நிமிடம் ஒரு கிழவர் வாசலில் நின்று பள்ளத்தைப் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். தாண்டவமூர்த்தியின் கட்டைவிரல் தானாக நகர்ந்து, ஓட்டத்தை இருமடங்கு வேகத்தில் வைத்தது. அப்புறம் அதை மாற்ற வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

படம் முடிந்தபோது அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் ஐந்தாம் கூடாரத்துக்குச் செய்தி அனுப்பினார்.

"முழுசா பாத்துட்டேன் மங்களா. தேம்பித் தேம்பி அழுதேன். நீ பெரிய கலைஞி. ஒரே ஒரு குறை, சொன்னா கோச்சுக்காத. எல்லாரும் கொஞ்சம் வேகவேகமா நடக்கறாங்க. நீ இன்னும் நிதானமா வெட்டியிருக்கலாம்."