ஸ்மராந்தாவை அழித்தவன்

போன் அலறியது.

ப்ராஷோவ் நகரில், மாமியார் வீட்டுச் சமையலறையில், கையில் காபிக் கோப்பையோடு போனை எடுத்தாள் ருக்ஸாந்த்ரா.

"மேடம், க்ளுஜ் போலீஸ். இன்ஸ்பெக்டர் ஓல்த்யானு பேசறேன். செப்திமியுங்கறவர் உங்க ஹஸ்பெண்டா?"

"ஆமா... ஏன்?"

"சோமேஷ் ஆத்துல... பாலத்துக்குக் கீழ... ஒரு உடம்பு..."

கோப்பை விழுந்தது.

பின்னாலேயே அவளும்!

அடுத்த ரயிலைப் பிடித்து க்ளுஜ் வந்து சேர்ந்தபோது, வீடு நிறைய வெந்த கோதுமை வாசனை. செத்தவர்களுக்குப் படைக்கும் கொலிவாவை அவளுடைய தம்பி ஹோரியா அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தான். மேஜை அருகே இன்ஸ்பெக்டர்.

"தற்கொலைதான் மேடம்."

"இல்லை!"

"கதவு உடையலை. ஒரு சாமான் கலையலை. ராத்திரி உக்காந்து லேப்டாப்புல நிதானமா வேலையை முடிச்சிருக்கார். அப்புறம் பாலத்துக்குப் போயிருக்கார். இதுல நான் என்னத்தைத் துப்பறியறது, சொல்லுங்க?"

"அவர் என்னை விட்டுட்டுப் போகமாட்டார் சார்!"

ஹோரியா கரண்டியோடு திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"அக்கா... ஸ்மராந்தா போன நாள்லேர்ந்து அத்தான் பாதி ஆள்தான். நமக்குத் தெரியாததா?"

ஸ்மராந்தா. ஒரே மகள். பள்ளிக்கூட பஸ் கவிழ்ந்து போனவள்.

"ஃபாதர் என்னடா சொன்னார்?"

ஹோரியா தலை குனிந்தான். "தற்கொலைன்னு போலீஸ் எழுதினா ஜெபம் பண்ண வரமாட்டாராம். மணியும் அடிக்கமாட்டாங்களாம்."

ஜெபமில்லாமல்... மணியில்லாமல்... திருட்டுப் பொருளைப் புதைக்கிற மாதிரி... மகளுக்குப் பக்கத்தில் அவரைப் புதைப்பதா?

ருக்ஸாந்த்ரா லேப்டாப்பை இழுத்தாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"அவர் கடைசியா தொட்ட வேலை சார். அதையாவது நானும் தொட்டுப் பார்க்கறேன்."

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கான மென்பொருள் அது. விபத்து நடந்திருக்கும், பணம் இன்னும் கொடுத்திருக்கமாட்டார்கள். அதற்கெல்லாம் இன்றைக்கே எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணக்குப் போடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள், கணவன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் தம்பி மூவரும் இந்த மேஜையில் சண்டை போட்டுக்கொண்டே எழுதியது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து 'சரி' சொன்னால்தான் உள்ளே சேரும்.

செப்திமியுவின் பெயரில் கடைசி 'சரி' இருந்தது.

'அருமை. சேர்த்துக்கலாம்.'

ஹோரியா அனுப்பிய திருத்தத்துக்கு!

அவள் கீழே நகர்த்தினாள். நீக்கப்பட்ட வரிகள் சிவப்பில் தெரிந்தன.

விரல் நின்றது.

மூச்சும்!

"ஹோரியா..."

"சொல்லுக்கா."

"ஸ்மராந்தாவை ஏன்டா அழிச்ச?"

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "யாரை... யாரை அழிச்சார்?"

"எங்க பொண்ணை சார். அவ கேஸ் கோர்ட்டுல வருஷக்கணக்கா இழுத்தது. நஷ்டஈடு ரொம்ப லேட்டா வந்துச்சு, ரொம்பப் பெருசா வந்துச்சு. அந்த விபத்தை அவர் இதுல ஒரு சோதனையா வச்சார். அவ பேரையே வச்சார். யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் அவளைத் தாண்டித்தான் போகணும். அவளைக் கணக்குல விட்டுட்டா சோதனை ஃபெயிலாகி சிவப்பு விழும். உள்ள சேராது."

"சரி... இப்ப?"

"லேட்டா வர்ற பெரிய நஷ்டஈட்டையெல்லாம் இவன் கணக்குலேர்ந்து தூக்கியிருக்கான். சிவப்பு விழுந்திருக்கு. தப்பைத் திருத்தலை சார்... சோதனையையே தூக்கிட்டான்!"

"அத்தான் பார்த்துட்டுத்தானே சரின்னார்!"

"எங்க வீட்டுச் சுவத்தை இடிக்கச் சொன்னாக்கூட சரின்னுவார்டா. இதுக்குச் சொல்லமாட்டார்! வேற யாரோ அவர் லேப்டாப்புல உக்காந்து சொல்லியிருக்காங்க!"

"அது வெறும் நாலு வரிக்கா!" ஹோரியா கரண்டியை வீசினான். "பேரு வச்சா பொண்ணாயிடுமா? நீயும் அவர் மாதிரியே பேசாதே. பாலத்துல நின்னுக்கிட்டும் 'என் பொண்ணை எடுக்கவிடமாட்டேன், எடுக்கவிடமாட்டேன்'னு..."

சட்டென்று நிறுத்தினான்.

அடுப்பில் கோதுமை மட்டும் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "தம்பி... நேத்து அத்தானைப் பார்க்கவே இல்லைன்னு காலையில சொன்னீங்களே?"

ஹோரியா வாசலைப் பார்த்தான். அங்கே நின்ற கான்ஸ்டபிள் அவனைப் பார்த்தார்.

"அக்கா... எங்க கம்பெனில ஒதுக்கி வச்சது பத்தாது. பத்தும்னு கையெழுத்துப் போட்டவன் நான். மேலதிகாரிங்க இந்த மென்பொருள்ல போட்டுக் காட்டுன்னாங்க. அத்தான் ஒரு 'சரி' சொல்லியிருந்தா..." குரல் உடைந்தது. "தள்ளணும்னு தள்ளலைக்கா!"

"தள்ளிட்டு, நான் குடுத்த சாவியில என் வீட்டைத் திறந்து, அவர் நாற்காலியில உக்காந்து 'அருமை'ன்னு எழுதினியே... அது?"

கையைப் பிடிக்க வந்த தம்பியை உதறினாள்.

"அவ ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னு மெழுகுவத்தி பிடிச்சவன்டா நீ! தாய்மாமன்டா! அவ நிஜமா செத்தது பத்தாதா? அந்த நாலு வரியில... அங்கயாவது..."

அவளால் முடிக்க முடியவில்லை. மேஜையில் தலை சாய்த்து, சத்தமே வராமல் அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, தன் அறிக்கையை நாலாகக் கிழித்தார்.

"ஃபாதருக்கு நானே போன் பண்றேன்மா. மணி அடிக்கும்."

விலங்கு மாட்டப்பட்ட ஹோரியா, வாசலில் நின்று திரும்பினான். அழுகை போய்விட்டது. உள்ளே இருந்த கணக்காளன் வெளியே எட்டிப் பார்த்தான்.

"பாலத்துல யாரும் பார்க்கலைக்கா. கோர்ட்டு இழுக்கும். எனக்குத் தண்டனை வரும்னு நினைக்கிறியா?"

ருக்ஸாந்த்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வரும்டா. லேட்டா வரும்... பெருசா வரும். அந்த மாதிரி வர்றதைத்தான் நீ கணக்குலயே சேர்க்கமாட்டியே!"