கறையான் தின்னாத கூரை

அன்று விடிந்ததிலிருந்தே ஸகியா தாயோடு மல்லுக்கு நின்றாள். ஆப்பச் சட்டியை அவள் இறக்கிவைத்த வேகத்தில் விளிம்பு உடைந்துபோனது. தாய் ஹவ்வா உம்மா உடைந்த துண்டைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

முந்தின நாள்தான் ஏறாவூரிலிருந்து மாப்பிள்ளை பகுதியார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், வீட்டைத்தான் பிடிக்கவில்லையாம். காத்தான்குடியில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் ஏது? மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போவதே பெண்ணின் வீட்டில்தானே. இங்கேயோ சுவரெல்லாம் கல், மேலே கூரை தென்னங்கிடுகு. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்த பார்வையை நினைத்தாலே ஸகியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உங்கட உம்மா உங்களுக்கு ஓட்டு வீடு தந்தாவாம். கறையான் திண்டு முடிக்கும் மட்டும் பாத்துக்கிட்டு இருந்திரிக்கீங்க... எனக்கு என்னத்த மிச்சம் வெச்சீங்க உம்மா?"

ஹவ்வா உம்மா பட்டறைக்கு வந்தவர்களுக்கான கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தாள். இந்தப் பேச்சை மகள் பிறந்த காலத்திலிருந்தே ஊர் வாயிலும் உறவுக்காரர் வாயிலும் கேட்டுப் பழகியவள்தான். ஆனாலும் பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து வந்தபோது தாங்க முடியவில்லை.

வேலிக்கு அப்பால் புருஷனின் பட்டறை. முன்பு மாட்டுக் கரத்தை கட்டிக்கொண்டிருந்த அசனார், கப்பலில் வந்த மோட்டார் அடிச்சட்டத்தின்மேல் மரத்தால் உடம்பு கட்டி பஸ்ஸாக்கிக் கொடுக்கத் தொடங்கி இப்போது பெரிய முதலாளியாகிவிட்டார். இன்று அந்த முதலாளித்தனத்தை மூத்த மகன் றவூப்பின் கையில் ஒப்படைக்கிறார். ஊர்ப் பெரியவர்களும் சாரதிமாரும் கூடியிருந்தார்கள். 'அசனார் அன் சன்ஸ்' என்று எழுதிய புதுப் பலகை வாசலில் தொங்கியது.

றவூப் பட்டறையின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். எவரும் துணியாத காலத்தில் வாப்பா கிரான் காட்டு முதிரை மரத்தை இறக்கி முதல் பஸ்ஸைக் கட்டினாராம். அவருடைய தைரியம்தான் இந்தப் பட்டறைக்கு அத்திவாரமாம். பிறகு சபையைச் சிரிக்கவைக்க ஒன்று சொன்னான். வாப்பா இந்தப் பக்கம் மரத்தை பஸ்ஸாக்கினார், உம்மா அந்தப் பக்கம் வீட்டையே கறையானுக்கு விருந்து வைத்தா என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். வேலி இடுக்கால் ஹவ்வா உம்மா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பொறுத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றிய நேரம் அதுதான். தட்டைக் கீழே வைத்து முக்காட்டை இழுத்துவிட்டு, அந்நிய ஆண்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"இந்த வளவுக்குள்ள கறையான் வந்ததே இல்ல. முதல் பஸ் கட்டக்குள்ள மாரி வெள்ளத்துல கிரான் மரம் வந்து சேரல்ல. பஸ் சொந்தக்காரன் அடிச்சட்டத்த கொழும்புக்கு ஏத்தப்போறன் எண்டு நிண்டான். உங்கட வாப்பா வீட்டுக்குள்ள வந்து, என்னப் பாக்காம முகட்டப் பாத்தாரு. கூரை மரத்த நான்தான் கழட்டச் சொன்னன்."

றவூப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"கறையான் மரத்தத் திண்டிச்செண்டா ஓடுகளயும் திண்டிச்சா? அண்ணாந்து பாருங்க. உங்கட தலைக்கு மேல கிடக்கிறது எண்ட சீதன வீட்டு ஓடு."

கூடியிருந்த அத்தனை பேரும் பட்டறைக் கூரையைப் பார்த்தார்கள்.

பெண்சாதியின் சீதன வீட்டைப் பிரித்தான் என்று தெரிந்தால், தன் கூடப்பிறந்த காக்காமார் அவரை ஊரில் தலைநிமிர விட்டிருக்கமாட்டார்கள் என்று ஹவ்வா உம்மா சொன்னாள். அதற்காகத்தான் கறையான் கதையைத் தானே கட்டிவிட்டதாகவும் சொன்னாள். அடுத்த மரம் வீட்டுக்கு என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த மரமும் பஸ்ஸாகப் போனது, அதற்கடுத்ததும் போனது.

"வாப்பா... மெய்தானா?" என்றான் றவூப்.

அசனார் குனிந்த தலை நிமிரவில்லை. "மெய்தான் மகன். உங்கட உம்மா ஒரு நாளும் கேக்கல்ல. நானும் மறந்து போனன்."

"நீங்க மறக்கல்ல," என்றாள் ஹவ்வா உம்மா. "மறைச்சீங்க."

படலையடியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஸகியா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். "என்னட்டயாவது ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே உம்மா..." என்று விம்மினாள். அதுவரை கலங்காமல் நின்ற ஹவ்வா உம்மாவின் கண்கள் அப்போதுதான் நிறைந்தன. மகளின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

றவூப் வெட்கம் தின்ன, பலகையைக் கழற்றப்போனான். உம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதுவோம் என்றான்.

"பலகையில ஆருட பேரையும் எழுதுங்க. எனக்குத் தேவையில்ல. அடுக்கிக் கிடக்கிற முதிரையில ஒரு துண்டும் இனி பஸ்ஸுக்குப் போகப்படா. முதல்ல எண்ட மகள்ட வீட்டுக்குக் கூரை போடுங்க."

பட்டறை ஆட்கள் முதலாளியைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அசனார்தான் பட்டறைக் கூரையில் ஏணியைச் சாத்தி முதலில் ஏறினார். முதல் ஓட்டைக் கழற்றி அவர் கீழே நீட்டியபோது, ஹவ்வா உம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கி மகளின் கையில் கொடுத்தாள்.